காப்பிக்கும் ஒரு கால அட்டவணை

ஏழு மாதக் கர்ப்பிணியான நம் மனைவி இரவு பதினொரு மணியாகியும் உறக்கமின்றிப் புரள்வதைக் கண்டு, மாலையில் அருந்திய காப்பியே காரணமாகுமோ என்று சென்ற மாதம் ஐயுற்றோம். பேறுகாலத் துணைக்காக ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, “நாலு மணிக் காப்பி இந்நேரம் வரையா வயிற்றில் இருக்கும், மாப்பிள்ளை?” என்றார். வயிற்றில் இராது, குருதியில் இருக்கும். எவ்வளவு என்பதே இம்மாதக் கணக்கு. அன்பர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்க.

காப்பியில் விழிப்பைத் தரும் பொருள் காஃபீன். ஜெர்மானிய இரசாயன அறிஞர் ரூங்கே 1819இல் அதனைப் பிரித்தெடுத்தார். உடலில் அதனை மாற்றிக் கழிப்பது பெரும்பாலும் கல்லீரலே. டிக்கட் கவுண்ட்டர் ஒன்றே இருந்தால், வரிசை எவ்வளவு நீண்டாலும் மணிக்கு இத்தனை பேர்தாம் நகர்வர். மது ஏறத்தாழ அவ்வாறு கழிகிறது. காஃபீன் வழி வேறு. கூட்டம் பெருகப் பெருகக் கூடுதல் கவுண்ட்டர்கள் திறப்பதுபோல, எஞ்சியிருப்பதில் ஒரே விகிதம் மணிதோறும் கழியும். (நாம் பணிபுரியும் நிலையத்தில் அத்தகைய ஏற்பாடு இன்னும் வரவில்லை.)

நலமுள்ள பெரியவர்க்குப் பாதி கழியச் சராசரி 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். மணிக்கு நூற்றுக்கு 13 கழிகிறது என்று கொள்க. ஒரு டம்ளரில் 100 மில்லிகிராம் இருப்பின், மணிதோறும் எஞ்சுவது 87, 76, 66, 57, 50. அடுத்த ஐந்து மணியில் அந்த 50 முழுதும் தீராது, 25 நிற்கும். புகை பிடிப்போர்க்கு இன்னும் விரைவில் கழியும். அதைக் காட்டி எவரும் பீடியைத் தொடவேண்டா!

காலை 6 மணிக்கு ஒன்று, மாலை 4 மணிக்கு ஒன்று எனக் குடிக்கும் நமக்கு இரவு 10 மணிக்கு எஞ்சுவது, 11உம் 43உமாக 54 மில்லிகிராம்.

கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் பாதி கழியவே 15 மணி நேரம் வரை ஆகலாம். அதே இரு டம்ளர், அதே இரவு 10 மணி: 48உம் 76உமாக 124. முந்தின நாட்களின் மிச்சமும் சேர்ந்தால் சுமார் 184! அது சிசுவையும் எட்டுகிறது. சிசுவின் ஈரலுக்கோ அதனைக் கழிக்கும் திறன் இன்னும் வரவில்லை. பிறந்த குழந்தைக்குப் பாதி கழியவே மூன்று நாட்களுக்கு மேலாகும். கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டாதிருந்தால் கவலையில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறிய கருத்து. நம் வீட்டிலோ பதினொரு மணிக்கு மூன்றாவது டம்ளரும் உண்டு.

காகிதத்தை மாமியாரிடம் காட்டினோம். “காப்பிக்குக் கூடவா கணக்கு!” என்று அடுக்களைக்குள் சென்றுவிட்டார். மறுநாள் மாலை மனைவிக்குப் பால் வந்தது. நமக்கும் பாலே வந்தது.