பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள்: பாதுகாப்புச் சட்டங்களின் இடைவெளியில் மாணவர்கள்

இரசாயனப் பேராபத்து என்றதும் பெரும்பாலானோரின் நினைவுக்கு வருவது தொழிற்சாலைகள்தான். ஆனால், ஆயிரக்கணக்கான மாணவர்கள் அன்றாடம் நடமாடும் பல்கலைக்கழக வளாகங்களிலும் எரியக்கூடிய, வெடிக்கக்கூடிய, நச்சுத்தன்மை கொண்ட பொருட்கள் வைக்கப்பட்டுள்ளன. அங்கு விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்ற திட்டமிடல், தொழிற்சாலைகளில் இருக்கும் அளவுக்கு வளர்ச்சி அடையவில்லை என்பதை அண்மைக்கால விபத்துகள் பல உணர்த்தியுள்ளன.

2008ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், காற்றுபட்டதும் தீப்பற்றக்கூடிய ஒரு லித்தியம் சேர்மத்தை சிரிஞ்சு மூலம் எடுத்துக்கொண்டிருந்த 23 வயது ஆய்வு உதவியாளரின் ஆடையில் தீப்பிடித்தது. தீயைத் தாங்கும் மேலங்கி எதையும் அவர் அணிந்திருக்கவில்லை. அவசரகாலக் குளியல் குழாயும் பயன்படுத்தப்படவில்லை. 18 நாட்களுக்குப் பின்னர் அவர் உயிரிழந்தார். அதே ஆய்வுக்கூடத்தில் மேலங்கி அணியப்படுவதில்லை என்று இரு மாதங்களுக்கு முன்னரே பல்கலைக்கழகத்தின் உள்ளகச் சோதனை சுட்டிக்காட்டியிருந்தது.

இவ்வழக்கில் 2011ஆம் ஆண்டு பல்கலைக்கழக நிர்வாகத்தின் மீதும், ஆய்வுக்கூடத் தலைவரான பேராசிரியர் மீதும் குற்றவியல் நடவடிக்கை தொடங்கப்பட்டது. பின்னர் இரு தரப்புடனும் தனித்தனியே உடன்பாடுகள் எட்டப்பட்டன. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்நடவடிக்கை சாத்தியமானதற்கு, உயிரிழந்தவர் ஊதியம் பெறும் பணியாளராக இருந்ததே காரணம். அவர் ஊதியம் பெறாத மாணவராக இருந்திருந்தால் அச்சட்டம் அவருக்குப் பொருந்தியிருக்காது.

போபாலுக்குப் பிந்தைய சட்டம்

1984ஆம் ஆண்டின் போபால் நச்சுவாயுப் பேரழிவைத் தொடர்ந்து, 1986இல் அமெரிக்கா ஒரு சட்டத்தை இயற்றியது. அபாயகரமான இரசாயனங்களை வைத்திருப்போர் அதன் விவரத்தை உள்ளூர் அவசரகாலத் திட்டக் குழுவுக்கும் தீயணைப்புத் துறைக்கும் அளிக்க வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சம். எனினும், தகுதி பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையில் ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தப்படும் பொருட்களுக்கு, இருப்பு விவரம் அளிக்கும் கடமையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

தொழிற்சாலைகளில் ஒரு சில இரசாயனங்கள் பேரளவில் இருக்கும். பல்கலைக்கழகங்களிலோ நூற்றுக்கணக்கான பொருட்கள் சிறு சிறு அளவில், பல கட்டடங்களில், அடிக்கடி மாறும் நபர்களின் கைகளில் இருக்கும். அளவை அடிப்படையாகக் கொண்ட சட்டங்களின் பார்வைக்கு இவை எளிதில் தப்பிவிடுகின்றன.

2010ஆம் ஆண்டு ஜனவரியில் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நேர்ந்த வெடிவிபத்து இதற்கு உதாரணம். 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்று வாய்மொழியாகக் கூறப்பட்டிருந்த வெடிபொருள் சேர்மம் சுமார் 10 கிராம் அளவில் தயாரிக்கப்பட்டிருந்தது. மாணவர் ஒருவர் கைவிரல்களை இழந்தார். இதனை விசாரித்த அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம், 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் நடந்த 120 சம்பவங்கள் குறித்த தகவல்களைத் திரட்டியது. டெக்சஸ் டெக்கில் முன்னர் நேர்ந்த சிறு விபத்துகளிலிருந்து பாடம் கற்கப்படவில்லை என்றும் அது தெரிவித்தது.

டெல்லி தரும் பாடம்

ஆய்வுக்கூடத்தின் அபாயம் வளாகச் சுவருக்குள் அடங்கிவிடுவதில்லை என்பதை இந்தியாவும் கண்டது. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இல்லாதிருந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்று 2010ஆம் ஆண்டு பழைய பொருளாக ஏலம் விடப்பட்டது. அதனுள் கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கருவி பிரிக்கப்பட்டபோது தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு உள்ளாகினர். அவர்களில் ஒருவர் உயிரிழந்தார். தன்னிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியலை ஒரு நிறுவனம் மறந்தால், அதன் விலையை அதனுடன் எத்தொடர்பும் இல்லாதவர்கள் கொடுக்க நேர்கிறது.

எனவேதான், எந்தத் திட்டமும் அறைவாரியான பட்டியலிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. சோடியம் போன்ற உலோகம் எரியும் அறையில் தண்ணீரைப் பாய்ச்சினால் தீ மேலும் மூளும். அங்கு விரையும் தீயணைப்பு வீரர் அதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பட்டவருக்குக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு உடனடியாகத் தேவை. அது ஆய்வுக்கூடத்திலும் அருகிலுள்ள மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். நச்சுவாயு கசிந்தால் கட்டடத்தை விட்டு வெளியேறுவதா, கதவு சன்னல்களை மூடி உள்ளேயே இருப்பதா என்பதை யார் முடிவு செய்வார், நள்ளிரவிலும் விடுமுறையிலும் அந்த முடிவு மாணவர் விடுதிகளை எவ்வாறு சென்றடையும் என்பவையும் முன்னரே தீர்மானிக்கப்பட வேண்டியவை.

இவற்றில் பெரும்பாலானவை பெரும் பொருட்செலவு கோருபவை அல்ல. ஆய்வுச் சுதந்திரம் என்ற பெயரில் ஒவ்வொரு பேராசிரியரும் தமது ஆய்வுக்கூடத்தைத் தனி ஆட்சிப்பரப்பாகக் கருதும் மரபுதான் பெரிய தடை. வேலைகொடுப்பவருக்குத் தொழிலாளர்பால் உள்ள கடமையைச் சட்டம் தெளிவாக வரையறுத்திருக்கிறது. மாணவருக்கும் அதே கடமையைச் சட்டம் உறுதிசெய்யாதவரை, இரவில் தனியாக ஆய்வுக்கூடத்தில் நிற்கும் மாணவரின் பாதுகாப்பு, அவரது பேராசிரியரின் முன்னெச்சரிக்கை உணர்வையே பெரிதும் நம்பியிருக்கும்.