மேடையும் மனையும்

எமது கல்லூரித் தருக்க சபையிலே அண்மையில் ஒரு நாள், "மனையை ஆளத் தெரியாதவன் மண்ணை ஆளலாமா?" என்னும் பொருள்பற்றி மாணாக்கர் வாதம் புரிந்தனர். நடுவர் ஆசனம் எனக்கு அளிக்கப்பட்டிருந்தது. "ஆளலாகாது" என்ற கட்சியிற் பேசிய இளைஞன் ஒருவன், தேர்தலில் நின்ற அபேட்சகர் ஒருவரின் மனைவியைப்பற்றிச் சாடையாக ஒரு சொல் உதிர்த்தான். சபை கொல்லென்று நகைத்தது. ஒளிப்பானேன்? யானும் நகைத்தேன். வீடு திரும்பும் வழியிலேதான் அந்த நகைப்பு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. தீர்ப்பைப் பிறிதொரு நாளைக்கென ஒத்திவைத்து வந்திருந்தேன். அதனை இங்கே எழுதுகின்றேன்.

இல்லறத்திற்கும் அரசியலுக்கும் தொடர்பே இல்லை என்பாரின் கட்சியை யான் சாரேன். திருக்குறளில் இல்வாழ்க்கை 5ஆம் அதிகாரம். இறைமாட்சி 39ஆம் அதிகாரம். மனையிலே பழகிய அறமே மன்றத்திற்கு வருதல் வேண்டும் என்று அம்முறைவைப்பிற்குப் பொருள் கொள்வாரை யான் மறுக்கமாட்டேன். ஆயின், புறங்கூறாமை என்னும் 19ஆம் அதிகாரம் அவ்விரண்டிற்கும் நடுவே நிற்பதையும் மறத்தலாகாது. அபேட்சகரின் குடும்பத்தைப்பற்றி எதனைக் கேட்பது ஆராய்ச்சி, எதனைக் கேட்பது புறங்கூறல்? இதனைத் தெளிவதற்கு ஐக்கிய அமெரிக்காவில் நடந்த இரண்டு சனாதிபதித் தேர்தல்கள் நமக்குத் துணையாகும்.

முதலாவது, 1828ஆம் ஆண்டுத் தேர்தல். அண்ட்ரூ ஜாக்சனும் அப்போதைய சனாதிபதி ஜோன் குயின்சி அடம்ஸும் போட்டியிட்டனர். ஜாக்சனின் மனைவி றேச்சல், முதற் கணவனைப் பிரிந்து வந்தவர். அவன் விவாகரத்துப் பெற்றுவிட்டான் என நம்பி 1791இல் தாம் மணந்ததாக இருவரும் கூறினர். ஆனால், சட்டப்படி விவாகரத்து முடிந்தது 1793இலேதான். அதனை அறிந்ததும் 1794இல் மீண்டும் மணம் செய்துகொண்டனர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அமைதியாய் நடந்த அவ்வில்லறத்தைச் சின்சினாட்டி நகரத்துப் பத்திராதிபர் ஒருவர் தெருவுக்கு இழுத்தார். கணவன் இருக்கப் பிறனொருவனைக் கூடியவள் நாட்டின் முதற் பெண்மணி ஆகலாமா என்று துண்டுப் பிரசுரங்கள் கேட்டன. ஜாக்சனின் கட்சியாரும் சளைத்தாரல்லர். அடம்ஸ் உருசியாவில் தூதராயிருந்தபோது அந்நாட்டு மன்னனுக்குப் பெண்ணொருத்தியைக் கூட்டிக்கொடுத்தார் என்று வதந்தி பரப்பினர்.

ஜாக்சன் 178க்கு 83 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில் வென்றார். ஆனால், 1828 டிசம்பர் 22ஆம் நாள் றேச்சல் மாரடைப்பினால் மாண்டார். ஜாக்சன் பதவியேற்றது 1829 மார்ச் 4ஆம் நாள். மனைவியைக் கொன்றது எதிரிகளின் அவதூறே என அவர் இறுதிவரை நம்பினார். இந்த ஜாக்சன் அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்தவர். 1806இல் துவந்த யுத்தத்தில் ஒருவரைச் சுட்டுக் கொன்றவர். பின்னர் 1830இல் செவ்விந்தியரை அவர்தம் நிலத்தினின்று பெயர்க்கும் சட்டத்திற் கையொப்பமிட்டவர். ஆராய்தற்குரியன இத்தனை இருக்க, ஒரு பெண்ணின் பழைய விவாகப் பத்திரத்தைத் துருவியதனால் நாடு கண்ட நன்மை யாது?

இது ஒரு பக்கம். இதுமட்டுங் கண்டு, "குடும்ப விடயம் எதையும் பேசவே கூடாது" என்று தீர்ப்பளிப்பின் அதுவும் தவறாகும். 1884ஆம் ஆண்டுத் தேர்தல் அதற்குச் சான்று.

அத்தேர்தலில் நின்ற குறோவர் கிளீவ்லண்ட் விவாகமாகாதவர். மரியா ஹால்பின் என்னும் விதவைக்கு அவரால் ஒரு குழந்தை பிறந்ததென்று அவரது ஊராகிய பஃபலோவின் பத்திரிகையொன்று சூலை மாதத்தில் வெளியிட்டது. அவர் உறவை மறுக்கவில்லை; உண்மையையே கூறுங்கள் என்று நண்பர்களுக்குத் தந்தியடித்தார். எதிர்க்கட்சியார், குழந்தை தந்தையைத் தேடி அழுவதாகப் பாட்டுக் கட்டித் தெருவிற் பாடினர். கிளீவ்லண்டின் ஆதரவாளரோ, "இவர் பொதுவாழ்விற் புனிதர், எதிரி பிளேனோ தனிவாழ்விற் புனிதர். ஆதலின் ஒவ்வொருவரையும் அவரவர்க்குப் பொருந்திய வாழ்வுக்கே அனுப்புவோம்" என்று சாதுரியமாக வாதிட்டனர். நியூயோர்க் மாநிலத்தில் ஏறத்தாழ 1,100 வாக்கு வித்தியாசத்தில் வென்று கிளீவ்லண்ட் சனாதிபதியானார்.

அச்சாதுரியத்தை யானும் முன்னர் வியந்ததுண்டு. பின்னரே ஒன்றை அறிந்தேன். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் மரியா ஹால்பின் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்திருந்தார். கிளீவ்லண்ட் தம்மைப் பலவந்தஞ் செய்தார் என்பது அதன் சாரம். குழந்தையும் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. அம்மாதின் கூற்று மெய்யோ பொய்யோ, அதனை நிதானமாக விசாரித்தறிய அன்று எந்தக் கட்சிக்கும் பொறுமை இருக்கவில்லை. ஒரு சாரார்க்கு அவர் நகைப்புப் பொருள். மறு சாரார்க்கு இடையூறு.

இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவோம். றேச்சல் எவர்க்கும் தீங்கு செய்தாரல்லர். அவரைத் தெருவெல்லாம் விசாரித்தது. மரியா தமக்குத் தீங்கு நேர்ந்தது என்றார். அவரை எவரும் விசாரிக்கவில்லை. இரு தேர்தல்களிலும் ஊரார் கேட்ட கேள்வி, "இதில் வெட்கக்கேடு உண்டா?" என்பதே. கேட்டிருக்கவேண்டிய கேள்வியோ, "இதில் எவர்க்கேனும் தீங்கு உண்டா?" என்பது. அபேட்சகர் மனையிலுள்ளாரை வருத்தினாரா, உறவினர்க்காகப் பொதுப்பணத்தைத் தொட்டாரா, பதவியின் நிழலில் மக்கள் குற்றம் புரிய விட்டாரா என்பவற்றை வாக்காளர் தாராளமாகக் கேட்கலாம், கேட்டேயாகவும் வேண்டும். அவர் மனைவி முன்னர் யாரை மணந்தாள், மகள் யாரோடு போனாள் என்பன நமக்கு உரியவையல்ல. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிச் சீதையைக் காட்டுக்கு அனுப்பிய கதையைக் கேட்டு இன்றும் கண்கலங்குகின்ற நாம், தேர்தல் வந்ததும் அவ்வூரார் ஆகிவிடுதல் நன்றோ?

ஆதலின், அன்று ஒத்திவைத்த தீர்ப்பு இதுவாகும்: மனையில் ஒருவர்க்குத் தீங்கிழைத்தவன் மண்ணை ஆளத் தகான், மனையிற் துன்பம் வந்துற்றவனோ தகுதியிழந்தவன் ஆகான். அடுத்த முறை சபை கூடும்போது இதனை மாணாக்கர்க்கு வாசிப்பேன். அதற்கு முன்னதாக, அன்று அவர்களோடு சேர்ந்து நகைத்தது என் பிழை என்று கூறியே தொடங்குவேன்.