டாக்டர் கையில் மவுஸ்: லாகின் ஐடி கொடுத்தால் மட்டும் போதுமா?

காலை 9 மணி. அரசு மருத்துவமனை ஓ.பி. வாசலில் சீட்டோடு நீண்ட வரிசை. உள்ளே டாக்டர் நாலு வரி எழுதுகிறார், கையெழுத்துப் போடுகிறார், அடுத்தவரைக் கூப்பிடுகிறார். இனி அந்த நாலு வரியை அவர் கம்ப்யூட்டரில்தான் பதிய வேண்டும் என்றால் என்ன ஆகும்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் போகிற பாதையே அதுதான். 14 இலக்க ஆபா எண் ஒன்று இருந்தால், மதுரையில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சென்னை டாக்டரும் பார்க்கலாம். மஞ்சள் பையில் பழைய சீட்டுகளைச் சுருட்டிக்கொண்டு அலைய வேண்டாம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது மயங்கிக் கிடக்கும் நோயாளி வாய் திறக்காமலே தெரிந்துவிடும். நல்ல விஷயம்தான், சந்தேகமே இல்லை.

பிரச்சினை, அதைப் பயன்படுத்தப்போகிற டாக்டரை யார், எப்படித் தயார் செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பெரும்பாலும் 'ட்ரெய்னிங்' என்றால் ஒரு ஹாலில் புரொஜெக்டர், இரண்டு மணி நேர பிரசன்டேஷன், ஒரு டீ, ஒரு பாஸ்வேர்டு. இதை ஒரு சாதாரண ஆபீஸ் சாஃப்ட்வேர் போல நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழைய கேஸ் இருக்கிறது.

பிட்ஸ்பர்க்கில் நடந்தது என்ன?

2002 அக்டோபர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை, மருந்து, டெஸ்ட் என எல்லா உத்தரவுகளையும் கம்ப்யூட்டரில் பதியும் முறைக்கு ஆறே நாட்களில் முழுமையாக மாறியது. அந்த மருத்துவமனையின் டாக்டர்களே பிறகு கணக்கெடுத்துப் பார்த்தார்கள். வேறு மருத்துவமனைகளில் இருந்து ஆபத்தான நிலையில் அங்கே கொண்டுவரப்பட்ட குழந்தைகளில், மாற்றத்துக்கு முந்தைய 13 மாதங்களில் இறந்தவர்கள் 2.80%. பிந்தைய 5 மாதங்களில் 6.57%. 2005-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் இது வெளியானபோது மருத்துவ உலகமே ஆடிப்போனது.

சாஃப்ட்வேர் குழந்தைகளைக் கொன்றுவிட்டது என்று இதை வாசிக்கக் கூடாது. இந்த எண்கள் ஒரு தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனால் அந்த டாக்டர்கள் விவரித்த சின்னச் சின்ன விஷயங்கள்தான் முக்கியம். முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே டாக்டர் மருந்துகளை எழுதிவிடுவார், குழந்தை வந்து சேரும்போது எல்லாம் ரெடியாக இருக்கும். புது சிஸ்டமோ, குழந்தை வந்து, பெயர் பதிவானால்தான் ஆர்டரையே ஏற்றது. பேப்பரில் சில நொடிகளில் முடிந்த ஒரு உத்தரவுக்குச் சுமார் 10 கிளிக்குகள், ஒன்றிரண்டு நிமிடங்கள். ஐசியூவிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்துகள் மத்திய மருந்தகத்துக்குப் போயின. படுக்கையைச் சுற்றி நின்ற கைகளில் ஒரு ஜோடி கீபோர்டுக்குப் போய்விட்டது.

இவற்றில் எதுவும் 'டாக்டருக்கு கம்ப்யூட்டர் தெரியாது' என்ற ரகம் இல்லை. வேலை நடக்கும் வரிசையை, வேலை செய்கிறவரிடம் கேட்காமல் மாற்றிய ரகம்.

அதே நிறுவனத்தின் சிஸ்டத்தை சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் போட்டது. அங்கே ஐசியூவில் அடிக்கடி தேவைப்படும் உத்தரவுகளை முன்கூட்டியே தொகுப்புகளாகத் தயாரித்து வைத்திருந்தார்கள். இறப்பு விகிதம் உயரவில்லை என்று 2006-ல் அவர்களும் ஆய்வு வெளியிட்டார்கள்.

டாக்டர்கள் 'முடியாது' என்றே சொல்லிவிட்ட கதையும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸின் சிடார்ஸ்-சினாய் மருத்துவமனையில் 2002 இறுதியில் வந்த ஆர்டர் சிஸ்டம், டாக்டர்களின் எதிர்ப்பால் 2003 ஜனவரியிலேயே நிறுத்தப்பட்டது. 'வயசானவங்க, டெக்னாலஜி பிடிக்காதவங்க' என்று அவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். நோயாளியைப் பார்க்கும் நேரத்தை ஸ்க்ரீன் தின்கிறது என்பதுதான் அவர்கள் புகாரின் சாரம்.

டெமோ வேறு, நிஜம் வேறு

சரி, ட்ரெய்னிங் கொடுத்தால்? அதிலும் ஓட்டை இருக்கிறது. 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலம் ஸ்போகேனில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் புது சிஸ்டம் வந்தது. பயிற்சிக்குக் கொடுத்த டெமோ ஸ்க்ரீன் ஒரு மாதிரி, வேலையில் வந்த ஸ்க்ரீன் வேறு மாதிரி என்பது அங்கே கண்காணிப்பு அதிகாரிகள் பதிவு செய்த குறைகளில் ஒன்று. அதைவிட மோசம், டாக்டர்கள் பதிந்த 11,000-க்கும் மேற்பட்ட உத்தரவுகள் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், யாரும் பார்க்காத ஒரு வரிசையில் போய் விழுந்தன. பதிந்தவருக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. 149 நோயாளிகளுக்குப் பாதிப்பு ஏற்பட்டதாக 2022 ஜூலை அறிக்கை சொன்னது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மற்ற ஊர்களுக்கான விரிவாக்கமே நிறுத்தி வைக்கப்பட்டது.

இப்போது நம் ஊர் ஓ.பி.க்கு வருவோம். 67 நாடுகளின் தகவல்களை வைத்து 2017-ல் 'பிஎம்ஜே ஓப்பன்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் ஸ்வீடனில் சராசரியாக 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி. இந்தியாவில்? கிட்டத்தட்ட 2 நிமிடம். இந்த 2 நிமிடத்தில் ஒரு நிமிடம் டைப்பிங்குக்குப் போனால் மிச்சம் என்ன இருக்கும்? டாக்டர் முகத்தைப் பார்க்காமல் மானிட்டரைப் பார்த்து 'சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது' என்பார். சொல்ல வந்ததில் பாதியை அந்த அம்மா முழுங்கிவிடுவார்.

ஆகவே முதல் தேவை நேரம்தான். புது சிஸ்டம் தொடங்கும் வாரங்களில் அப்பாயின்ட்மென்ட்டைக் குறைத்துக்கொள்வது அமெரிக்க மருத்துவமனைகளின் வழக்கம். வாசலில் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்ப முடியாத அரசு மருத்துவமனைக்கு அது சரிப்படாது. அங்கே கூடுதல் டாக்டரோ, பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்ய ஒரு ஆளோ வேண்டும். இதற்குச் செலவாகும். சாஃப்ட்வேர் டெண்டர் போடும்போதே இந்தத் தொகையையும் சேர்க்காவிட்டால், அந்த நேரத்தை வரிசையில் நிற்பவரிடமிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, பயிற்சி துறைவாரியாக இருக்க வேண்டும். பிரசவ வார்டுக்கும் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கும் ஒரே ஸ்லைடைக் காட்டி என்ன பயன்? சுகர் செக்கப்புக்கு வருபவருக்கு வழக்கமாக எழுதும் மருந்தும் டெஸ்ட்டும் ஒரே கிளிக்கில் வரும்படி, அந்தத் துறை டாக்டர்களே முன்கூட்டி உட்கார்ந்து டெம்ப்ளேட் போட வேண்டும். நைட் டூட்டியில் ஸ்க்ரீன் உறைந்தால் கூப்பிட ஹெல்ப்லைன் நம்பர் மட்டும் இருந்தால் பத்தாது. அதே வார்டில் சிஸ்டம் நன்றாகத் தெரிந்த ஒரு பி.ஜி. மாணவரோ நர்ஸோ இருக்க வேண்டும்.

பேப்பரையும் மறக்கக் கூடாது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மீது ரேன்சம்வேர் தாக்குதல் நடந்தபோது, நாட்டின் முதன்மை மருத்துவமனையே நாள்கணக்கில் கையால் எழுதித்தான் சமாளித்தது. கேஸ் ஷீட்டையே பார்க்காமல் படித்து வரும் அடுத்த தலைமுறை ஹவுஸ் சர்ஜன்களுக்கு, சிஸ்டம் படுத்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும்.

கடைசியாக, எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் பேசாத விஷயம்: பாஸ்வேர்டு. லாகின் செய்யவே நேரம் பிடிக்கிற சிஸ்டத்தில், காலையில் ஒருவர் உள்ளே போய்விட்டு, மாலை வரை அதே ஐடியில் ஐந்து பேர் வேலை பார்ப்பார்கள். அவசரத்தில் தப்பான டோஸ் போகும் நாளில், ரெக்கார்டில் இருப்பது அங்கே இல்லாதவரின் பெயர். ஒரு ஹவுஸ் சர்ஜனோ, ஒரு சீனியரோ செய்யாத தவறுக்கு விசாரணைக் கமிட்டி முன் நிற்பார். கார்டைத் தட்டியதும் சில நொடிகளில் திறக்கும் லாகின், ஒவ்வொருவருக்கும் தனி ஐடி, வார்டுக்குப் போதுமான கம்ப்யூட்டர்கள். இந்த மூன்றும் வந்து சேரும் முன் எந்த மருத்துவமனையும் தொடக்க விழாவுக்குத் தேதி குறிக்கக் கூடாது.