இல்லமும் நலமும்: உறுதி எங்கே கிடைக்கும்?



சென்ற திங்கள் இப்பகுதியில் நீரிழிவு நோயைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த லிங்கராஜபுரத்து அன்பர் ஒருவர், சங்கக் கூட்டம் முடிந்து யான் வெளியே வரும்போது வாயிலில் மறித்து நிறுத்தினார். "ஐயா, எதை உண்ணலாம், எதை விலக்கவேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். டாக்டர் சொல்கிறார், மகன் சொல்கிறான், பால்காரர்கூடச் சொல்கிறார். ஆனால் பத்து நாளைக்குமேல் அதைக் கடைப்பிடிக்கும் மனம் எந்தக் கடையில் விற்கிறது? எழுதுவதானால் அதை எழுதுங்கள்" என்றார். அவர் கையில் ஒரு தொன்னை கேசரி இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் கையிலும் ஒன்று இருந்தது.

அக்கேள்விக்கு அன்று விடை கூற இயலவில்லை. கேட்டவரைவிட எனக்கே அது மிகுதியும் உரிய கேள்வி. என் உயரம் 167 சென்டிமீட்டர். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் எடை 81 கிலோ, இடுப்புச் சுற்றளவு 99 சென்டிமீட்டர். நம் நாட்டவர்க்கு மருத்துவர் வகுத்துள்ள எல்லை ஆடவர்க்கு 90, மகளிர்க்கு 80 என்பதை நேயர் பலர் அறிவர். என் தந்தையார் நீரிழிவால் ஒரு காலை இழந்து, அதன்பின் மூன்றாண்டு கட்டிலிலேயே இருந்து மறைந்தவர். அந்தக் கட்டிலை யான் மறக்கவில்லை. மறவாதிருந்தும் மூன்று முறை உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கி மூன்று முறையும் கைவிட்டேன். அச்சம் ஒருவனைத் தொடங்கச் செய்யும். பத்தாம் நாள் இரவு பசிக்கும்போது அது எங்கோ போய்விடுகிறது.

முதல் முயற்சி பொங்கல் கழிந்த மறுநாள். இரவுச் சோற்றை நிறுத்தினேன். பதினொரு நாள் சென்றது. பன்னிரண்டாம் நாள் கோலார் தங்கவயலில் உறவினர் இல்லத் திருமணம். இலையில் வைத்ததை மறுக்க நா எழவில்லை. 'இனி என்ன, கெட்டது கெட்டதே' என்று அன்றிரவும் உண்டேன், மறுநாளும் உண்டேன். இரண்டாம் முறை எடை பார்க்கும் பொறி ஒன்றை வாங்கி நாள்தோறும் காலையில் அதன்மீது ஏறினேன். ஒரு நாள் 80.2, மறுநாள் 81.1. உப்பும் நீரும் உடம்பில் கூடிக் குறைவதால் ஏற்படும் மாறுதல் அது என்பதை அறியாமல், உழைப்பெல்லாம் வீணென்று மனம் சோர்ந்தேன். மூன்றாவதாகப் பணம் செலுத்தி ஓரிடத்தில் ஆலோசனை பெற்றேன். அவர்கள் தந்த தாளில் இருந்த பொருள்களுள் பாதி எங்கள் வீட்டில் ஒருபோதும் வாங்கியறியாதவை. என் இல்லாள் எனக்கு ஓர் அடுப்பும் பிள்ளைகளுக்கு ஓர் அடுப்புமாக மூன்று வாரம் சமைத்தார். நான்காம் வாரம் அவருடைய முகத்தைப் பார்த்து யானே அத்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

இங்கே நம்மைப் போன்ற குடும்பங்களுக்கே உரிய இடையூறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்தவன் திரும்பிச் செல்லும்போது, தாய் முதலில் பார்ப்பது அவன் உடம்பை. "இளைத்துவிட்டாயே அப்பா" என்னும் சொல்லில் எத்தனை துயரம்! வெளியூர்ச் சோறு உடம்பில் ஒட்டவில்லை, பிள்ளை அங்கே துன்பப்படுகிறான் என்பது அதன் பொருள். ஆகவே பருத்துச் செல்வதே அவளுக்கு நாம் கொண்டுசெல்லும் நற்செய்தி. ஒரு தலைமுறை பட்டினியை அறிந்தது. அடுத்த தலைமுறையின் தொந்தி அதற்கு ஆறுதலாயிற்று. யான் நான்கு கிலோ குறைந்து ஊருக்குச் சென்றபோது என் தமக்கை என் மனைவியைத் தனியே அழைத்துப் போய், 'வேலையில் ஏதேனும் தொல்லையா?' என்று கேட்டார். இத்தகைய அன்பின் நடுவே கட்டுப்பாட்டைக் காப்பது, பகையின் நடுவே காப்பதைக் காட்டிலும் அரிது. மொழி வேறான நகரில் நம்மவர் கூடும் இடங்களெல்லாம் பந்தி நடக்கும் இடங்களாகவும் இருக்கின்றன. இலையை மறுத்தால் உறவையே மறுத்ததாகத் தோன்றுமோ என்னும் கூச்சம் எழுகிறது.

மகளிரின் நிலை இன்னும் வேறு. எல்லார்க்கும் பரிமாறிவிட்டு இரவு பத்து மணிக்கு உண்பவர், பாத்திரத்தில் எஞ்சிய இரு கரண்டிச் சோற்றைக் கொட்ட மனமின்றித் தாமே உண்டுவிடுகிறார். அதனை அவரும் கணக்கில் வைப்பதில்லை, நாமும் வைப்பதில்லை. பிறகு, "நான் ஒன்றும் அதிகம் உண்பதில்லையே, ஏன் இப்படி?" என்று அவர் வியக்கும்போது நாம் நகைக்கிறோம். நகைப்பதற்கு நமக்குத் தகுதியில்லை. பத்தரை மணிக்கு எஞ்சுவதை யார் உண்பது என்பது வீட்டார் அனைவரும் கூடி முடிவு செய்ய வேண்டியது. நாளைக்கு வைக்கலாம், அல்லது குறைத்து வடிக்கலாம்.

இனி அன்பரின் கேள்விக்கு வருவோம். மன உறுதி குறைந்தவர்களே தோற்கிறார்கள் என்று யானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். 2011இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பிரியா சுமித்ரன் முதலிய ஆய்வாளர், பருத்த உடம்பினர் 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடையைக் குறைத்தனர். பசியைத் தூண்டும் சுரப்பு அவர்கள் குருதியில் மிகுந்தது; நிறைவை உணர்த்தும் சுரப்புகள் குறைந்தன. 62ஆம் வாரத்தில் மீண்டும் சோதித்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஓராண்டு கழிந்தும் உடம்பு இழந்த எடையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பது இதனால் தெரியவந்தது. ஆகவே தோற்றவன் கீழ்மகன் அல்லன். அவன் தன்னந்தனியே ஓயாத ஒன்றோடு மல்லாடியவன்.

தனியே என்று சொன்னேன். அதனை விளக்க நம் சென்னை நகரத்தின் சான்றே போதும். டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுக் காலம் கண்காணித்து 2006இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களுள் நூற்றுக்கு 55 பேர் நோயாளர் ஆயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொள்ள இடைவிடாது துணை நின்று ஊக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு 39 பேரே அங்ஙனமாயினர். இதில் வியப்பு யாதெனில், அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை! குறையாமலே நோய் விலகி நின்றது. எடைப்பொறி காட்டிய எண்ணைக் கண்டு கட்டுப்பாட்டையே கைவிட்ட என்னைப் போன்றவர்கள் இச்செய்தியை இருமுறை படிக்கவேண்டும். பொறியில் எண் அசையாத நாள்களிலும் உள்ளே நன்மை நடந்துகொண்டிருக்கக் கூடும்.

அதே ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட மற்றொன்று இன்னும் எளியது. தென்னிந்தியாவில் பணிபுரியும் ஆடவர் 537 பேர். அனைவர்க்கும் தொடக்கத்தில் ஒரே அறிவுரை. அவருள் ஒரு பாதியினர்க்கு மட்டும் கைப்பேசியில் அடிக்கடி சிறு செய்திகள் அனுப்பப்பட்டன. மனம் இன்னும் ஒப்பாதவர்க்கு ஒரு வகைச் செய்தி, தொடங்கிவிட்டவர்க்கு வேறு வகை. ஈராண்டு முடிவில் செய்தி பெறாதவருள் 73 பேர்க்கு, அதாவது நூற்றுக்கு 27 பேர்க்கு நீரிழிவு வந்தது. பெற்றவருள் 50 பேர்க்கு, நூற்றுக்கு 18 பேர்க்கே வந்தது. மருந்தன்று, மந்திரமன்று, வேலைக்கு நடுவே 'நினைவிருக்கிறதா?' என்று கேட்கும் இரு வரிகள்.

இதனைப் படித்த அன்றே கோயம்புத்தூரில் கல்லூரியில் பயிலும் என் தம்பி மகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். நாள்தோறும் இரவு ஏழு மணிக்கு அவளிடமிருந்து செய்தி வரும்: "பெரியப்பா, இன்று இரவு என்ன?" பொய் சொல்லலாம், அவள் பார்க்கப்போவதில்லை. ஆயினும் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் பொய் எழுத விரல் கூசுகிறது. "மூன்று பரோட்டா" என்று உண்மையை எழுதிய நாள்களும் உண்டு. அவள் கடிந்துகொள்வதில்லை, "சரி, நாளைக்கு?" என்று மட்டும் எழுதுவாள். கோலார்த் திருமணத்தன்று இச்சொல் எனக்குக் கிடைத்திருந்தால் பன்னிரண்டாம் நாளோடு எல்லாம் முடிந்திராது.

அமெரிக்காவில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெட்ச் என்னும் இல்லத்தரசியின் வரலாறும் இதனோடு ஒத்துவருகிறது. அவர் எடை 214 பவுண்டு, அதாவது 97 கிலோ. கடையில் சந்தித்த ஒருவர் அவரைக் கருவுற்றவர் என்று கருதி, பிள்ளைப்பேறு எப்போதென்று வினவினாராம். மருத்துவ நிலையத்தில் சேர்ந்து எடை சிறிது குறைந்தும், இரவில் குளியலறையில் ஒளித்து வைத்த பிஸ்கட்டுகளை உண்பதை அவரால் நிறுத்த இயலவில்லை. அதனைச் சொல்லி ஆற யாருமில்லை. 1961இல் பருத்த தோழியர் அறுவரைத் தம் வீட்டுக்கு அழைத்து அந்த பிஸ்கட் கதையைக் கூறினார். அவர்களும் தத்தம் மறைவிடங்களைக் கூறினர். அக்கூட்டமே வாரந்தோறும் வளர்ந்து 1963இல் பெரிய நிறுவனமாயிற்று. நிறுவனம் பணம் ஈட்டிய கதை நமக்கு வேண்டா. தம் எடையை 64 கிலோவாக்கிக்கொண்ட அவ்வம்மையார் 2015இல் தம் 91ஆம் வயதில் மறைந்தார்.

எங்கள் தெருவில் இப்போது ஐவர் சேர்ந்திருக்கிறோம். காலை ஐந்தே முக்காலுக்கு நடை. கம்மனஹள்ளிப் பக்கம் போவதில்லை என்பது எழுதாத விதி. அங்கே பலகாரக் கடைகள் மிகுதி. காக்ஸ் டவுன் பக்கமாகச் சென்று திரும்புகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர் ஏரி. அதன் அருகில் 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையை நம்மவர் அனைவரும் அறிவர். மருந்தைப் பற்றி அவர் பாடிய பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் அளவையும் முறையையும் பற்றியவை என்பதை எங்கள் குழுவின் ஆசிரியர் ஒருவர் அச்சிலை முன் நின்று எண்ணிக் காட்டினார். எண்ணி முடித்தவர்தாம் திரும்பும் வழியில் காப்பியோடு ஒரு வடையும் கேட்டார்; நாங்கள் நால்வரும் அவரைப் பார்த்தோம்; வடை வரவில்லை.

சமையலறையைப் பற்றிச் சில சொற்கள். இந்த ஊருக்கு வந்தபின் நம்மவர் பலர் கேழ்வரகுக் களிக்கு மாறி, எடை குறையும் என்று நம்பி மூன்று உருண்டை உண்கின்றனர். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 356 கலோரி என்றால் கேழ்வரகில் ஏறத்தாழ 321. வேறுபாடு சிறிதே. நார்ப்பொருள் மட்டும் நான்கு மடங்கு. அதனால் சிறிது உண்டாலே வயிறு நிறையும். சிறிது உண்டால்தான் அந்தப் பயன் என்பதை நினைவிற் கொள்க. எண்ணெயில்தான் பெரிய கணக்கு இருக்கிறது. ஒருவர்க்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் போதும் என்கின்றனர் உணவியலார். நால்வர் உள்ள வீட்டுக்கு 25 கிராம் வீதம் திங்களுக்கு மூன்று கிலோ ஆகிறது. லிட்டர்க் கணக்கில் மூன்றேகால். எங்கள் வீட்டில் ஐந்து லிட்டர் டின் திங்கள் முடியுமுன் தீர்ந்துகொண்டிருந்தது. இப்போது டின்னைத் திறக்கும் நாளை அதன்மேல் மையால் எழுதிவைக்கிறோம். இதற்கு எவருடைய மன உறுதியும் வேண்டியதில்லை. யார் எவ்வளவு உண்டார் என்னும் சச்சரவும் இல்லை. தனிச் சமையலும் நின்றது. வீட்டார் அனைவர்க்கும் ஒரே குழம்பு, எண்ணெய் குறைந்த குழம்பு. முதல் இரு வாரம் பிள்ளைகள் முணுமுணுத்தனர்.

பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகள் 2025இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்ததை அறிந்து சிலர் வினவுகின்றனர். அவை மருத்துவர் ஆராய்ந்து தரவேண்டியவை. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் டாக்டரைக் கேளாமல் வேளை உணவைத் தவிர்த்தல் தீது. மயங்கி விழ நேரும்.

பதினான்கு திங்கள் ஆயின. என் எடை 76.5 கிலோ, இடுப்பு 93. எல்லையை இன்னும் எட்டவில்லை. தீபாவளியில் ஒன்றரைக் கிலோ கூடிற்று. தை பிறப்பதற்குள் குறைந்தது. வாயிலில் மறித்த அன்பரையும் ஆறாமவராக அழைத்திருக்கிறேன்; வருவதாகச் சொல்லியிருக்கிறார், நாள் மட்டும் சொல்லவில்லை.

இதனை எழுதிக்கொண்டிருக்கையில் திருநெல்வேலியிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பிரிக்குமுன்பே நெய் மணம். ஆளுக்கு ஒரு சிறு துண்டு எடுத்துக்கொண்டு, எஞ்சியதை எதிர்வீட்டு அம்மையாருக்குக் கொடுத்தனுப்பச் சொன்னேன். அவர் எங்கள் ஐவருள் ஒருவர் என்பது, பிள்ளை தெருவைக் கடந்த பின்னரே நினைவுக்கு வந்தது. சற்று நேரத்தில் பொட்டலம் திரும்பி வந்தது. ஒரு சிறு துண்டு மட்டும் குறைந்திருந்தது.