ஸ்தபதிக்குப் பெயர் எதற்கு?

நீலாய் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கோவில். எந்தக் கோவில் என்பது முக்கியமில்லை. நம் கோவில்கள் பெரும்பாலும் இப்படித்தான். கடைசியாகக் குடமுழுக்கு நடந்தபோது வாசலில் கருங்கல் பலகை ஒன்றைப் பதித்தார்கள். திறந்து வைத்த டத்தோ, முன்னிலை வகித்தவர், தலைவர், செயலாளர், பொருளாளர், நன்கொடையாளர்கள். பொழுது போகாமல் எண்ணிப் பார்த்தேன், 43 பெயர்கள். கோவிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் தங்கி, சாரத்தில் ஏறி, கோபுரத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாகச் சுதையில் பிடித்து வைத்தவரின் பெயர் மட்டும் இல்லை.

நிர்வாகத்தில் இருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "அவருக்கெல்லாம் பேரு எதுக்கு தம்பி? சம்பளம் கொடுத்தாச்சு, டிக்கெட் போட்டு அனுப்பியாச்சு. சாமி காரியம் செய்றவன் பேரு போட்டுக்க மாட்டான். அதுதான் நம்ம மரபு" என்றார்.

அவர் நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னது பொய். அவருக்கே தெரியாமல் காலகாலமாகக் கைமாறி வந்த பொய்.

மரபு என்ன சொல்கிறது? 1010ல் தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டி முடித்த ராஜராஜன், தலைமைத் தச்சனின் பெயரை அந்தக் கோவில் கல்லிலேயே பொறித்திருக்கிறான். வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அரசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான், கவனியுங்கள். அதற்கும் முன்னால் 8ஆம் நூற்றாண்டில் பட்டடக்கல் விருபாக்ஷர் கோவில் கல்வெட்டு, அதைக் கட்டிய குண்டன் அனிவாரிதாசாரியைப் புகழ்கிறது. பேலூரில் தாசோஜா என்ற சிற்பி தான் செதுக்கிய பெண் சிலைகளில் தன் பெயரையும் ஊரையும் வெட்டி வைத்திருக்கிறான். மல்லிதம்மா என்ற ஹொய்சாளச் சிற்பியின் கையெழுத்து ஒரு கோவிலில் அல்ல, பல கோவில்களில் கிடைக்கிறது. இவர்கள் எல்லோரும் சாமி காரியம்தான் செய்தார்கள். பக்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எல்லாச் சிற்பிகளும் பெயர் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் பெயரில்லாமலே போனார்கள். ஆனால் 'பெயர் போடக் கூடாது' என்று ஒரு விதி இருந்ததாகக் காட்டாதீர்கள். அடக்கம்தான் மரபு என்றால், 50 வெள்ளிக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்து அதன் மேலேயே பெயர் எழுதுகிறோமே, அந்த அடக்கம் எங்கே போனது?

சின்னக் கோவில்தானே, விடலாம் என்றால் பத்துமலைக்கு வாருங்கள். 2006 தைப்பூசத்தின்போது திறக்கப்பட்ட முருகன் சிலை. உயரம் 140 அடி, செலவு சுமார் 25 லட்சம் வெள்ளி, தாய்லாந்திலிருந்து 300 லிட்டர் தங்கநிறப் பூச்சு. எல்லாம் நமக்கு மனப்பாடம். செய்தது யார்? இந்தியாவிலிருந்து வந்த 15 சிற்பிகள் என்போம். அதோடு சரி. சிமெண்டுக்குக் கணக்கு இருக்கிறது, ஆளுக்குப் பெயர் இல்லை.

அவர் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி. எனக்கே 2022ல்தான் தெரிந்தது. சேலம் மாவட்டத்தில் புத்திரகவுண்டன்பாளையம் முத்துமலையில் 146 அடியில் அவர் இன்னொரு முருகனை எழுப்பினார். அந்தக் குடமுழுக்குச் செய்திகளில் 'மலேசியா முருகனைச் செய்த ஸ்தபதி' என்று அவர் பெயரைப் போட்டார்கள். நம் வீட்டு வாசலில் நிற்பதைச் செய்தவனின் பெயரை அடுத்த நாட்டுச் செய்தி சொல்லித் தெரிந்துகொண்டோம். கோலாலம்பூரில் 1966ல் திறக்கப்பட்ட தேசிய நினைவுச் சின்னத்தைச் செய்தது ஃபெலிக்ஸ் டி வெல்டன் என்று தேடிய நொடியில் கிடைக்கிறது. வெள்ளைக்காரன் என்றால் கலைஞன், திருவாரூர்க்காரன் என்றால் பெர்மிட்டில் வந்த தொழிலாளி. அப்படித்தானே?

தமிழ்நாடு மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் அங்கே ஒரு கணபதி ஸ்தபதி உருவாக முடிந்தது. 1927ல் பிறந்த பிள்ளையார்பட்டிக்காரர். கணிதப் பட்டதாரி. சென்னை வள்ளுவர் கோட்டத்தின் கல் தேரும், கன்னியாகுமரியில் 133 அடியில் நிற்கும் வள்ளுவரும் அவர் வடிவமைத்தவை. வள்ளுவர் கோட்டம் 1976ல் திறக்கப்பட்டது. கட்டிய முதல்வர் கருணாநிதியின் ஆட்சி அதற்குள் கலைக்கப்பட்டிருந்தது, திறப்பு விழா அவர் இல்லாமலே நடந்தது. இந்தக் கதை இன்று வரை பேசப்படுகிறது. தேரை வடித்தவரைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்? அங்கேயும் அரசியல்வாதியின் பெயர்தான் சண்டைக்குரிய பெயர்.

இருந்தாலும் கணபதி ஸ்தபதியின் பெயர் பிழைத்தது. 2009ல் பத்மபூஷண் வரை போனது. காரணம் திறமை மட்டும் இல்லை. மாமல்லபுரத்தில் 1957ல் அரசு ஒரு சிற்பக் கல்லூரியைத் தொடங்கியது. முதலில் அவர் அப்பா வைத்தியநாத ஸ்தபதி அதை நடத்தினார், 1961லிருந்து 27 வருடம் மகன். பிறப்பால் மட்டுமே கைமாறிய வித்தை, விண்ணப்பம் போட்டுப் படிக்கிற படிப்பானது. ஒரு கலைக்குப் பள்ளி வந்தால் பாடம் வருகிறது, ஆசிரியர் வருகிறார், மாணவன் வருகிறான். பெயர் தானாகவே நிற்கிறது.

நாம் 12 வருடத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்கிறோம். ஒவ்வொரு முறையும் ஆளை இறக்குமதி செய்து, வேலை முடிந்ததும் அனுப்பிவிடுகிறோம். கொட்டகையைப் பிரிக்கும்போது வித்தையும் சேர்ந்து கப்பலேறிவிடுகிறது. சாரத்துக்குக் கீழே வாய்பிளந்து நின்ற தோட்டத்துப் பையன் ஒருவனையாவது அந்த எட்டு மாதம் ஸ்தபதியிடம் சேர்த்துவிட்டோமா? நான் அப்படி நின்றவன். சிமெண்ட் குழைக்கக்கூட விடாமல் என்னை "டியூஷனுக்குப் போடா" என்று விரட்டினார்கள். சிற்பியாவது ஒரு வாழ்க்கை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? பெயரே இல்லாத ஒருவனைப் போல ஆக யார் ஆசைப்படுவார்கள்?

இலக்கியம் படிக்கிற நமக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு சிறுகதைத் தொகுப்பில் ஒற்றுப்பிழை இருந்தால் பத்துப் பக்கம் கிழிக்கிறோம். ஒரு கோபுரத்தைப் பற்றி ஒரு விமர்சனம் எழுதியிருக்கிறோமா? அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகத்தோடு நிற்கும் பொம்மைகளை, கண்ணைக் குத்தும் இனாமல் பெயிண்டை யாராவது கேள்வி கேட்டோமா? கேட்க முடியாது, ஏனென்றால் யாரைக் கேட்பது? பெயர் இல்லாத வேலைக்குப் பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. அதனால் மோசமான வேலையும் தப்பிக்கிறது, நல்ல வேலையும் செத்துப்போகிறது. பெயர் என்பது வெறும் மரியாதை இல்லை, பொறுப்பும்தான்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அடுத்த குடமுழுக்குப் பலகையில் டத்தோவுக்குக் கீழேயாவது ஒரு வரி: ஸ்தபதி இன்னார், ஊர் இன்னது, உடன் உழைத்தவர்கள் இன்னார். சாரம் பிரிக்கும் முன் உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சுதை பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு ஏற்பாடு.

உங்கள் ஊர்க் கோவில் கோபுரத்தைச் செய்தது யார்? நாளைக்கே போய்க் கேளுங்கள். பதில் கிடைத்தால் எழுதி வையுங்கள். "எவனோ ஊர்லேருந்து வந்தான்பா" என்று சொன்னால், அதையும் எழுதுங்கள்.