சோபா யாருக்குச் சொந்தம்?

முதல்லயே தெளிவா சொல்லிடறேன். எங்க வீட்டு சோபா எங்களோடது இல்லை. மூணு பேர் தாராளமா உட்காரலாம்னு சொல்லித்தான் கடைக்காரர் வித்தார். ஒரு கிரேஹவுண்டும் ஒரு லர்ச்சரும் அதுல படுத்தா மிஞ்சுறது ஒரு கைப்பிடி மட்டும்தான். அந்தக் கைப்பிடியில நானும் தங்கமணியும் முறை வெச்சு உட்கார்றோம். இதைக் கேட்டு சிரிக்கிறவங்க பாதி, தலையில அடிச்சுக்கிறவங்க பாதி. அந்த ரெண்டாவது பாதிக்காகத்தான் இந்தப் பதிவு. நாயை சோபாவுல ஏத்துறது செல்லம் கொடுத்துக் கெடுக்குற வேலை இல்லை. இந்த வகை நாய்க்கு அது நாம கொடுக்க வேண்டிய பாக்கி. இதுதான் என் கட்சி.

நான் மான்செஸ்டர்ல பொட்டி தட்டுறவன். கிரேஹவுண்ட் பேரு சீனி. ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆனவ. லர்ச்சர் பேரு முனி. தெருவுல சுத்திக்கிட்டு இருந்து காப்பகத்துக்கு வந்தவன். லர்ச்சர்னா தனி ஜாதி எல்லாம் கிடையாது. கிரேஹவுண்ட், விப்பெட் மாதிரி கண்ணால பார்த்துத் துரத்துற நாயை, டெரியர், கோலி மாதிரி வேற ஒரு நாயோட சேர்த்து வர்ற கலப்பு. அந்தக் காலத்துல பண்ணையார் காட்டுல திருட்டுத்தனமா முயல் பிடிக்கிறவங்களோட நாய்னு பேர் வாங்கினது. வேகம் ஒரு பக்கத்துலேர்ந்து, மூளை இன்னொரு பக்கத்துலேர்ந்து. எங்க வீட்டுல முயல் இல்லாததால முனி இட்லித் தட்டோட நிறுத்திக்கிறான்.

"கிரேஹவுண்டா? ஐயோ, தினமும் பத்து கிலோமீட்டர் ஓடவிடணுமே" அப்படிங்கிறது எல்லாரும் சொல்ற முதல் வார்த்தை. அதான் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல ஓடக்கூடிய பிராணிதான். ஆனா அது ஓடுறது அரை நிமிஷம். பிரிட்டன் டிராக்குல 480 மீட்டர் ரேஸை 30 செகண்டுக்குள்ள முடிச்சிடும். மிச்ச நேரம் தூக்கம். காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, வாரத்துக்கு ரெண்டு தடவை வேலி போட்ட மைதானத்துல ஒரு ஓட்டம். அவ்வளவுதான். மீதி நேரம் நாலு காலையும் மேல தூக்கி, மல்லாக்க படுத்து, வாயைப் பிளந்துக்கிட்டு கெடக்கும். முதல் தடவை பார்க்கிறவங்க செத்துப்போச்சோன்னு பயந்துடுவாங்க.

சரி, தூங்கட்டும், அதுக்குத் தரை போதாதா? போதாது. அதுக்கு உடம்புலயே காரணம் இருக்கு. லேப்ரடார் மாதிரி தோலுக்கு அடியில கொழுப்பு கிடையாது. மெல்லிசான தோல், குட்டை முடி, அதுக்குக் கீழே நேரா எலும்பும் சதையும். கட்டாந்தரையில படுத்தா முழங்கை காய்ச்சுப் போகும், இடுப்புல முடி கொட்டும். பின்னந்தொடை சதை அவ்வளவு பெருசுங்கறதால மத்த நாய் மாதிரி குந்தி உட்காரக்கூட பல கிரேஹவுண்டுக்கு சௌகரியப்படாது. ஒண்ணு நிக்கும், இல்லேன்னா படுக்கும். நிக்கிறப்பவும் உங்க தொடை மேல சாய்ஞ்சுதான் நிக்கும். டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடுற ஊர்ல இப்படிப்பட்ட உடம்பை வெச்சுக்கிட்டு, அது மெத்தையைத் தேடுறது அதிகாரம் பண்றதுக்காக இல்லை. எலும்பு வலிக்குது சார், அவ்வளவுதான்.

இப்போ அந்தப் பாக்கி கதைக்கு வர்றேன். பிரிட்டன்ல இயந்திர முயலைத் துரத்துற நாய் ரேஸ் முதன்முதல்ல நடந்தது எங்க ஊர்லதான். 1926 ஜூலை 24, பெல் வ்யூ ஸ்டேடியம். அந்த இயந்திர முயலை உருவாக்கினது ஓவன் பாட்ரிக் ஸ்மித்ங்கிற அமெரிக்கர். பெல் வ்யூவுல ரேஸ் 2020-ல நின்னு போச்சு. லண்டன்ல வால்தம்ஸ்டோ 2008-லயும், விம்பிள்டன் 2017-லயும் மூடிட்டாங்க. ஆனா ரேஸ் இன்னும் நின்னபாடில்லை. 15 மாசம் ஆனதும் நாய் டிராக்குக்கு வரலாம். ஆறு நாய், ஆறு கலர் சட்டை. வளைவுல திரும்புறப்போ முழு பாரமும் கால்ல விழும். எல்லாமே இடது பக்க வளைவுங்கறதால வலது பின்னங்கால் கணு எலும்பு உடையறது இந்த வேலையோட தனி வியாதி. அடி படாம தப்பிச்சாலும் நாலு, அஞ்சு வயசுல வேகம் குறையும். ப்ராஜெக்ட் முடிஞ்சுது.

நம்ம ஐடி பாஷையில சொன்னா, பெஞ்ச். நமக்காவது பெஞ்சுல சம்பளம் வரும். நாய்க்கு ஆயுசு 12, 13 வருஷம். சம்பாதிச்சுக் கொடுத்தது ரெண்டு மூணு வருஷம், அதுக்கப்புறம் வாழ வேண்டியது ஏழெட்டு வருஷம். அது வரைக்கும் கொட்டகையைத் தவிர வேற ஒண்ணும் பார்த்ததில்லை. மாடிப்படி தெரியாது. கண்ணாடிக் கதவு தெரியாது. சீனி வந்த முதல் நாள் வாஷிங் மெஷின் சுத்துறதையே முக்கால் மணி நேரம் நின்னு பார்த்தா. காதுக்குள்ள பச்சை குத்தின பதிவு எழுத்து இன்னும் இருக்கு. ஊழியர் எண் மாதிரி. அவ முதுகுல பந்தயம் கட்டினவங்க யாரும் அவளுக்கு ஒரு மெத்தை போட்டதில்லை. அதை நாங்க போடுறோம். இதுல என்ன செல்லம் இருக்கு?

அடுத்த எதிர்ப்பு கொஞ்சம் படிச்சவங்ககிட்டேர்ந்து வரும். "நாயை உனக்கு சமமா மேல உட்கார வெச்சா அது தன்னைத் தலைவன்னு நினைச்சுக்கும்." இந்த ஆல்பா கதை எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? ருடால்ஃப் ஷெங்கெல்னு ஒருத்தர் கூண்டுக்குள்ள அடைச்சு வெச்ச ஓநாய்களைக் கவனிச்சு 1947-ல எழுதினார். 1970-ல டேவிட் மெக் எழுதின புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டு போச்சு. அதே மெக், காட்டுல சுதந்திரமா திரியற ஓநாய்களை வருஷக்கணக்கா பார்த்துட்டு, 1999-ல வேற மாதிரி எழுதினார். காட்டுல ஓநாய்க் கூட்டம்ங்கிறது அப்பா, அம்மா, பிள்ளைங்க. குடும்பம். தலைவர் பதவிக்கு அடிதடி எல்லாம் அங்க வழக்கம் இல்லை. எழுதினவரே திருத்திக்கிட்ட வெர்ஷனை இன்னும் நாம ப்ரொடக்‌ஷன்ல ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

அதுக்காக எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம்னு சொல்லலை. எதிர்ப்புலயும் உண்மை இருக்குற இடம் ஒண்ணு உண்டு. சில கிரேஹவுண்டுங்க கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கும். முழிச்சிருக்குன்னு நினைச்சு மேல கை வெச்சா திடுக்குனு எழுந்து உறுமும், சில சமயம் கடிச்சும் வெச்சிடும். கொட்டகையில தனியா படுத்த நாய்க்கு, தூங்கறப்போ யாரும் தொட்டதே இல்லை பாருங்க. அதனால எங்க வீட்டுல சட்டம் ரெண்டு. ஒண்ணு, தூரத்துலேர்ந்து பேர் சொல்லிக் கூப்பிடாம தொடக் கூடாது. ரெண்டு, "இறங்கு"ன்னு சொன்னா இறங்கணும். சீனிக்கு இந்த ஒரு தமிழ் வார்த்தை நல்லா தெரியும். பின்னங்காலை சோபாவுலயே வெச்சுக்கிட்டு முன்னங்காலை மட்டும் இறக்குவா. வக்கீல் புத்தி. கைக்குழந்தை தவழற வீடா இருந்தா நாய்க்குத் தனியா ஒரு மெத்தை போட்டு, குழந்தை அங்க போகாம தடுப்பு வைக்கிறதுதான் சரி. அங்க சோபா பிடிவாதம் ஆகாது.

மூணாவது எதிர்ப்பு கோவில்பட்டியிலேர்ந்து விமானத்துல வந்துச்சு. எங்கம்மா. வாசல்படி தாண்டினதும் முதல் பேச்சே, "ஏல, உங்க தாத்தா வீட்டுல கன்னி நாய் மூணு கெடந்துச்சு. ஒண்ணாவது திண்ணையில கால் வச்சிருக்குமா?"

நியாயமான கேள்வி. கன்னியும் சிப்பிப்பாறையும் நம்ம ஊரு கிரேஹவுண்ட்தானே. அதே ஒட்டின வயிறு, அதே நீளக் கால், அதே கண்ணு. நான் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, தாத்தா வீட்டு நாய்க்கு வேப்பமரத்து நிழல் இருந்துச்சு. குளிர்ச்சியா மண்ணு இருந்துச்சு, தானே குழி பறிச்சுப் படுத்துக்கிச்சு. ஓடுறதுக்கு கரிசக்காடு இருந்துச்சு. இங்க அதெல்லாம் எங்க இருக்கு? இந்த வீட்டுல வேப்பமரம் இந்த சோபாதான்." அம்மா ஒத்துக்கலை. மூணு மாசமும் ஒத்துக்கலை. ஆனா ரெண்டாவது வாரம் பெட்டியிலேர்ந்து பழைய நூல் சேலை ஒண்ணை எடுத்து நாலா மடிச்சு சோபாவுல விரிச்சாங்க. "துணியாவது போடு, முடியெல்லாம் ஒட்டுது." அந்தச் சேலை இன்னும் அங்கயேதான் இருக்கு.

அம்மா கேட்ட கேள்வி மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு, வேற ஒரு காரணத்துக்காக. 2005-ல அஞ்சல் துறை நம்ம ராஜபாளையம் நாய்க்கு ஸ்டாம்ப் போட்டாங்க. 2020-ல பிரதமர் வானொலிப் பேச்சுல ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொல்லி, நாட்டு நாய் வளர்க்கச் சொன்னார். நல்ல விஷயம். நாட்டு நாய்க்கு திடீர்னு மவுசு வந்துச்சு. ஆனா சென்னை அபார்ட்மென்டுல என் நண்பர்கள் வாங்கின சிப்பிப்பாறை எங்க இருக்குன்னு பார்த்தா, மொட்டை மாடியில, ரெண்டு முழம் சங்கிலியில. "நாட்டு நாய்டா, எதையும் தாங்கும்." வெயிலைத் தாங்கும், சரி. கொதிக்கிற சிமென்ட் தரையை எந்த நாயும் தாங்காது. காட்டுல நாள் முழுக்கத் திரிஞ்ச நாயோட பேரை மட்டும் எடுத்துக்கிட்டு, அதோட காட்டையும் நிழலையும் ஊர்லயே விட்டுட்டு வந்துட்டோம். அப்புறம் அது குரைக்குது, கடிக்குதுன்னு ஒரு நாள் ராத்திரி ஈசிஆர்ல இறக்கி விட்டுட்டு வர்றது. பெருமை பேசுறவன் வீட்டுக்குள்ள ஒரு பாய் விரிக்கணும். அதுக்கு மனசு இல்லேன்னா ஸ்டாம்ப் வாங்கி ஆல்பத்துல ஒட்டிக்கலாம்.

இங்கயும் அதே கதைதான். நியூசிலாந்து 2024 டிசம்பர்ல நாய் ரேஸை ஒழிக்கப் போறதா அறிவிச்சது. வேல்ஸ் அரசும் 2025-ல அதையே அறிவிச்சது. எனக்கு சந்தோஷம்தான். ஆனா தடை வர்ற அன்னிக்குக் கொட்டகையில நிக்கிற ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வீடு வேணும். கையெழுத்து இயக்கத்துல பேர் போடுறவங்க எண்ணிக்கையையும், வீட்டுல இடம் கொடுக்கிறவங்க எண்ணிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா எது பெருசா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். எல்லாரும் நாய் வளர்க்கணும்னு நான் சொல்லலை. முடியாதுன்னா வேண்டாம், அதுவும் நேர்மைதான். ஆனா வாங்கினதுக்கு அப்புறம், தத்து எடுத்ததுக்கு அப்புறம், அதுக்கு எங்க படுக்கிறதுங்கிற கேள்விக்கு "வெளியில"ன்னு பதில் சொல்லாதீங்க. மனுஷனுக்காக ஓடின உடம்பு மனுஷன் பக்கத்துல கொஞ்சம் மெத்துனு படுக்க ஆசைப்படுது. சோபா கொடுத்தா நமக்குக் குறைஞ்சு போறது ஒண்ணும் இல்லை, முதுகுவலியைத் தவிர.

டிஸ்கி: இந்தப் பதிவு முழுக்கத் தரையில உட்கார்ந்து தட்டினது. காரணம் சொல்லணுமா என்ன :-)