பட்ஜெட் இல்லை என்கிற சாக்கு

சில மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு குறும்படத் திரையிடலுக்குப் போயிருந்தேன். படம் முடிந்து கலந்துரையாடல். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "தமிழில் ஏன் அறிவியல் புனைவுக் குறும்படங்கள் அதிகம் வருவதில்லை?" என்று கேட்டார். மேடையில் இருந்த இளம் இயக்குநர் மைக்கை வாங்கி இரண்டே வரியில் முடித்துவிட்டார். "ஒண்ணு, பட்ஜெட் கிடையாது. ரெண்டு, நம்ம ஆடியன்ஸுக்கு அது புரியாது." அரங்கம் தலையாட்டியது. நானும் ஆட்டினேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. ஏனென்றால் அந்த இரண்டு வரிகளும் பொய் என்று எனக்குத் தெரியும். மணிமங்கலத்தில் ஒரு மொட்டை மாடியில் வைத்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் தலையாட்டியிருக்கிறேன்.

முதலில் பட்ஜெட்.

ரசிகர் படம் என்றால் நமக்குக் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் அதிகாலைக் காட்சியும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு. ஒரு கதையோ கதாபாத்திரமோ பிடித்துப்போய், அதை வைத்துத் தாங்களே ஒரு படம் எடுத்துப் பார்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். லாபம் கிடையாது. பெரும்பாலும் திரையரங்கும் கிடையாது. அறிவியல் புனைவில்தான் இந்தக் கிறுக்கு அதிகம். 'ஸ்டார் வார்ஸ்' 1977இல் வந்தது. அடுத்த ஆண்டே எர்னி ஃபோசெலியஸ் என்பவர் 'ஹார்ட்வேர் வார்ஸ்' என்று பதிமூன்று நிமிடக் கேலிப்படம் ஒன்றை எடுத்தார். விண்கலங்களுக்குப் பதில் இஸ்திரிப் பெட்டியும் டோஸ்டரும் பறந்தன. செலவு 8,000 டாலர் அளவில். பார்த்தவர்கள் யாரும் அது இஸ்திரிப் பெட்டி என்று தெரியாமல் பார்க்கவில்லை. தெரிந்ததால்தான் சிரித்தார்கள்.

"அது அமெரிக்கா சார்" என்பீர்கள். சரி, நாசிக் மாவட்டத்துக்கு வாருங்கள். மாலேகாவ் விசைத்தறி ஊர். வெள்ளிக்கிழமை தறிகளுக்கு விடுமுறை. அன்று தறிக்காரர்கள் சினிமாவுக்குப் போவார்கள். அங்கே வீடியோ பார்லர் நடத்திவந்த நாசிர் ஷேக், 2000இல் 'மாலேகாவ் கே ஷோலே' எடுத்தார். அப்புறம் 'மாலேகாவ் கா சூப்பர்மேன்'. சூப்பர்மேனாக நடித்த ஷஃபீக் ஒரு தறித் தொழிலாளி, ஒல்லிக்குச்சி. பச்சைத் துணியை விரித்து, அதன் முன்னால் அவரைக் கிடத்திப் பறக்க வைத்தார்கள். ஒருமுறை கேமராவே தண்ணீரில் விழுந்து படப்பிடிப்பு நின்றது. இதையெல்லாம் ஃபைசா அகமது கான் 2008இல் 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். 2024இல் ரீமா காக்டி அந்த மனிதர்களைக் கதையாக்கி முழுநீளப் படமே எடுத்துவிட்டார். ஷஃபீக்தான் அதைப் பார்க்க இல்லை. வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார்.

மாலேகாவைப் பற்றிப் பேசும்போது நம் ஆட்கள் குரலில் ஒரு பரிதாபம் வந்துவிடும். "பாவம், என்ன ஒரு ஆர்வம்!" இந்தப் பரிதாபம் எனக்கு ஆகாது. அந்தப் படத்தின் வில்லனுக்கு உலகத்தை ஆள வேண்டாம். ஊரெல்லாம் அசுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாக்கடை தெருவில் ஓடுகிற ஊரில், பஞ்சுத் தூசியை மூச்சில் இழுக்கிற மக்களுக்கு யார் எதிரி என்று நாசிருக்குத் தெரிந்திருக்கிறது. ஹாலிவுட்டின் சூப்பர்மேனுக்குத் தெரியாத எதிரி அவன். பணம் இருந்திருந்தால் நாசிர் இன்னும் நன்றாகப் பறக்க வைத்திருப்பார். ஆனால் அந்த வில்லனைப் பணத்தால் வாங்க முடியாது.

இங்கேயும் உதாரணம் உண்டு. 2015இல் ஆர். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' வந்தது. கையில் கால இயந்திரம் கிடைத்த இருவர் என்ன செய்கிறார்கள்? ஜோசியம் சொல்கிறார்கள். தொலைந்துபோன பொருள் எங்கே போனது என்று பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கட்டம் பார்த்துச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். அந்த ஒரு யோசனைக்கு எத்தனை கோடி கிராபிக்ஸ் தேவைப்பட்டது? ஒன்றும் இல்லை. நம் ஊரில் கால இயந்திரம் கிடைத்தால் முதலில் என்ன நடக்கும் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அரங்கில் யாருக்கும் அது புரியாமல் போகவில்லை.

பணம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் பல ஆண்டுகளாகச் சொந்தக் காசில் படம் எடுத்துவந்தார்கள். நிறுவனமும் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் இருந்தது. 2014இல் 'ப்ரிலூட் டு ஆக்ஸனார்' என்ற 21 நிமிடப் படம் வந்தது. தொழில்முறை நடிகர்கள், தொழில்முறைத் தரம். அடுத்து முழுநீளப் படம் என்று ரசிகர்களிடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2015 டிசம்பரில் பாரமவுன்ட்டும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன. 2016 ஜூனில் எல்லா ரசிகர்களுக்குமாக விதிமுறைகள் வந்தன: ஒரு படம் 15 நிமிடம், இரண்டு பகுதி என்றால் மொத்தம் 30 நிமிடம், 50,000 டாலருக்கு மேல் திரட்டக்கூடாது, நடிப்பவர்கள் சம்பளம் வாங்கக்கூடாது. நிறுவனத்தின் மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் இல்லை. ஆனால் நிஜப் படம் மாதிரியே இருக்கவேண்டும் என்ற ஆசை எங்கே கொண்டுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். அவர்களுக்குப் பட்ஜெட் இருந்தது.

இனி ஆடியன்ஸ்.

மணிமங்கலத்தில் நாங்கள் நான்கு பேர் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், இன்னொரு பக்கம் ஒரகடம். நடுவில் ஏரியும் பெருமாள் கோயிலும் வரிசை வரிசையாக வாடகை அறைகளும். நரசிம்மவர்மனின் படை இரண்டாம் புலிகேசியை வென்ற இடங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு சொல்லும் ஊர். படம் எடுக்கிறோம் என்றதும் வீட்டுக்காரர், "அந்தச் சண்டையவா தம்பி?" என்று கேட்டார். "இல்ல சார், ரோபோ நாய்" என்றோம். வாடகையைச் சரியாகக் கொடுங்கள் என்றார்.

சுஜாதாவின் ஜீனோதான் எங்கள் நாய். 'என் இனிய இயந்திரா'வைப் பன்னிரண்டு வயதில் படித்தவனுக்கு வேறு நாய் கிடையாது. டிவி வந்த பெட்டியின் தெர்மாகோல், பொம்மைக் காரின் சக்கரம், ஒரு ஆர்டுயினோ போர்டு, தலையை ஆட்ட இரண்டு செர்வோ மோட்டார். இரவு ஷிப்டில் ஜீனோ ஒரு தொழிற்சாலைக்குள் வழிதவறி நுழைகிறது. வெல்டிங் ரோபோ ஒன்றுக்கு அறிவு வந்து அதைத் துரத்துகிறது. அங்கே வேலை பார்க்கும் நிலா கூண்டுக்குள் பாய்ந்து ரோபோவோடு சண்டை போட்டு, அதை வெடிக்க வைத்து, நாயைக் காப்பாற்றுகிறாள். ரோபோ கைக்கு அட்டையும் பச்சைத் துணியும். வெடிப்புக்கு மட்டும் மூன்று வாரம் கணினியில் உட்கார்ந்தேன். மொத்தச் செலவு 11,400 ரூபாய். சுஜாதா மறைந்தது 2008இல். நம் சட்டப்படி அவர் எழுத்தின் உரிமை இன்னும் பல பத்தாண்டுகளுக்கு உண்டு. அதனால் பொதுவில் வெளியிடுவதில்லை, டிக்கெட் போடுவதில்லை, தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று முடிவு செய்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வாடகை புரொஜெக்டர், மாடித் தண்ணீர்த் தொட்டியின் வெள்ளைச் சுவர். பக்கத்து வீட்டு அறைகளில் இருந்த பெண்கள் பதினைந்து பேர், கீழ்வீட்டுக் குடும்பம், எங்கள் நண்பர்கள், எல்லாம் சேர்ந்து நாற்பது பேர் இருக்கும். அந்தப் பெண்களில் பெரும்பாலானவர்கள் தென்மாவட்டங்களிலிருந்து வந்து சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள். சண்டைக் காட்சி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை.

படம் முடிந்ததும் கேட்டேன். மதுரைப் பக்கத்துப் பெண் ஒருவர் சொன்னார்: "அண்ணே, சேஃப்டி டோரைத் தொறந்தாலே ரோபோ நின்னுரும்ண்ணே. அப்பறம் எங்கிட்டுச் சண்டை போட?"

"அது கற்பனைம்மா" என்றேன். பொறியியல் படித்தவன், மென்பொருள் எழுதுகிறவன். அந்தத் தொனியில்தான் சொன்னேன்.

"கற்பனைன்னா சரிண்ணே. ஆனா நாங்க பயப்படணும்னுதான எடுத்தீங்க? பயம் வரலையே."

பக்கத்தில் இருந்த என் நண்பன் விடவில்லை. "அப்போ எதுக்குத்தான் பயம் வரும்?" என்று கேட்டான். அவர் யோசிக்கவே இல்லை. "ரோபோ நின்னுச்சுன்னா லைன் நிக்கும். லைன் நின்னா யாரு நிறுத்துனதுன்னு கேப்பாங்க. அதுதான்ண்ணே பயம்."

நான் எழுதிய எந்த வசனமும் அதன் பக்கத்தில் நிற்காது. தினமும் ரோபோவுக்கு இரண்டடி தள்ளி நின்று எட்டு மணிநேரம் வேலை பார்க்கிறவர் அவர். நான் ரோபோவைப் பார்த்தது திரையில். எங்களில் யாருக்கு அறிவியல் புனைவு புரியாது?

முடிவை மாற்றினோம். நிலா கதவைத் திறக்கிறாள். ரோபோ நின்றுவிடுகிறது. சண்டை கிடையாது, வெடிப்பு கிடையாது. இயந்திரச் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்குகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. தூரத்தில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. "யாரு நிறுத்துனது?" நிலா வாயைத் திறக்கும் முன்னால் ஜீனோ சொல்கிறது: "நான்தான்." அங்கே முடித்துவிட்டோம். ரோபோவை முழுதாகக் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போனது; சுவரில் அதன் நிழலே போதும். மறுபடி எடுத்ததற்கு ஆன செலவு 1,900 ரூபாய். இதைத்தான் அந்த மேடை இயக்குநரிடம் சொல்லியிருக்க வேண்டும். பார்வையாளருக்குத் தெரிந்த உண்மையை மதித்தால் படத்தின் செலவு குறைகிறது. தெரியாததுபோலக் காட்டிக்கொள்ளத்தான் கிராபிக்ஸ் தேவைப்படுகிறது.

இரண்டாவது திரையிடலில் யாரும் சிரிக்கவில்லை. பூட்ஸ் சத்தம் வந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

இதோடு முடித்தால் நான் நல்லவன். முடியவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு குறும்படப் போட்டி அறிவித்தார்கள். நாயின் பெயரையும் பெண்ணின் பெயரையும் மாற்றி, படத்தை அனுப்பினேன். எந்த வடிவத்தை? பழையதை. சண்டையும் வெடிப்பும் உள்ளதை. நடுவர்களுக்கு நான் மூன்று வாரம் உழைத்தது தெரிய வேண்டாமா? எனக்கு சினிமா வாய்ப்பு வேண்டாமா? மாடியில் நாற்பது பேர் சொன்னதைவிட, முகம் தெரியாத மூன்று பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. படம் தேர்வாகவில்லை. அது எனக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்ல மாட்டேன். தேர்வாகியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருப்பேனா என்பதே சந்தேகம்.

இன்னொன்றும் உண்டு. புது வடிவத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் "கதை, திரைக்கதை, இயக்கம்" என்று என் பெயர் மட்டுமே இருந்தது. படம் முடிந்து கீழே இறங்கும்போது அந்த மதுரைப் பெண் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "எம் பேரு எங்கண்ணே?" அடுத்த வாரம் சேர்த்துவிடுகிறேன் என்றேன். சேர்க்க இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அவருடைய ஒப்பந்தம் முடிந்து, அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அவர் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம், இன்னும் ஏதோ ஒரு லைனில் அவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதுதான்.

பார்வையாளர் சொல்வதெல்லாம் சரி என்று நான் வாதிடவில்லை. அதே மாடியில் கீழ்வீட்டு மாமா ஒரு குத்துப்பாட்டு வைக்கச் சொன்னார். வைக்கவில்லை. எல்லாக் கதையையும் தெர்மாகோலில் எடுத்துவிடலாம் என்றும் சொல்லவில்லை. கடலுக்கடியில் நகரம் வேண்டும் என்றால் காசு வேண்டும்தான். ஆனால் நம் குறும்படக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் எடுப்பது கடலடி நகரம் இல்லை, விசிட்டிங் கார்டு. அதைப் பார்க்க வேண்டியவர் ஒரு தயாரிப்பாளர். மாடியில் உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியவர்கள். அவர்களிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்காமலே புரியாது என்கிறோம்.

தமிழ் சினிமா 1963லேயே 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்துக்குப் போய்வந்துவிட்டது. அங்கே இருப்பவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க பானுமதியைக் கடத்திக்கொண்டு போவார்கள். அந்தத் தைரியம் இன்று எங்கே போனது? எதிர்காலம் எங்கேயோ இருக்கிறது, அதைக் காட்டக் கோடிகள் வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரகடம் சாலையில் இரவு பத்தரை மணிக்கு நின்று பாருங்கள். ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போகும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள், இன்னும் அரைமணி நேரத்தில் கண் மட்டும் தெரியும் வெள்ளை உடையில் இயந்திரங்களுக்கு நடுவே நிற்கப் போகிறவர்கள். அவர்களுக்குப் புரியாத அறிவியல் புனைவு எது என்று எனக்கு யாராவது சொல்லுங்கள்.

அடுத்த படத்துக்கு நாங்கள் இன்னும் கதை எழுதவில்லை. இந்தமுறை எழுதுவதற்கு முன்னால் மாடிக்குப் போகப்போகிறோம். பெயர்ப் பட்டியலை முதலிலேயே தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டேன்.